எல்லாரும் வந்தார்கள்

1

ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துலட்சுமி ஊரிலிருந்து போன் பண்ணினாள். அவளும் நானும் சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பத்து வயதிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கியவர்கள். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து பேசினாள்.

"ஏட்டி மாரி, அமெரிக்காவுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே துப்பாக்கி எடுத்துச் சுடுதாம்லா? டீக்கடைப் பேப்பர்ல போட்டிருக்கான். நெசமா?"

"நெசந்தான்."

"பைத்தியமா பிடிச்சிருக்கு அதுகளுக்கு? சோறு இருக்கு, காரு இருக்கு. பெறகு எதுக்குச் சுடுது?"

"தெரியலட்டி."

"அம்புட்டுத் தூரம் போயி என்னத்தத்தான் தெரிஞ்சுக்கிட்ட?" என்று சிரித்தாள். பூத்துக்காரர் பின்னால் ஏதோ சத்தம் போட்டார். வைத்துவிட்டாள்.

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அப்படிச் சுட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். ஆறு மாதம் தினமும் பார்த்திருக்கிறேன். நான் சுட்ட வடையைத் தின்றிருக்கிறான். அவனால் செத்துப்போன பெண்ணையும் தெரியும். அவள் போய் இந்த வாரத்தோடு ஒரு வருடம். முத்துலட்சுமிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். போனில் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

இப்போது நான் டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்கிற ஊரில் இருக்கிறேன். கல்யாணமாகி எட்டு மாதம். அவர் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இருக்காது. ஜன்னல் கண்ணாடி இரண்டு அடுக்கு. வெளியே கார்கள் போகும், சத்தம் வராது. மரம் ஆடும், சத்தம் வராது. ஏழரைக்கு மஞ்சள் பஸ் வந்து எதிரே நிற்கும். ஏறுகிற பிள்ளைகளின் தலையை எண்ணுவேன். மூன்றரைக்கு இறங்கும்போதும் எண்ணுவேன். சரியாக இருந்தால்தான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பேன். ஒரு பிள்ளை குறைந்தால் காய்ச்சலாக இருக்கும், பல் டாக்டரிடம் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மறுநாள் அந்தப் பிள்ளை வருகிறவரைக்கும் மனசு ஒரு நிலையில் இருக்காது.

இதற்கு முன்னால் இர்விங்கில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தது. படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் எனக்கு விசிட்டர் விசா எடுத்து வரவழைத்தார். அத்தான் எங்கள் சொந்த அத்தை மகன். எங்கள் தெருவில் இன்ஜினியரிங் படித்தது அவர் ஒருவர்தான். மூத்தவன் கார்த்திக்குக்கு எட்டு வயது. நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். "சித்தி" என்கிற ஒரு வார்த்தை மட்டும் தமிழ்.

வந்த புதிதில் தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது. எங்கள் அபார்ட்மென்ட் நடுவில் ஒரு நீச்சல் குளம். குளிர்காலமானதால் யாரும் இறங்க மாட்டார்கள். ஆனாலும் தண்ணீர் நீலமாக அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவு எங்கள் வீட்டுக் கூரையில் வெளிச்சமாக ஓடும். அக்கா படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். ஊரில் எந்த நேரமும் கை வேலை செய்துகொண்டே இருக்கும். இங்கே கைகள் மடியில் கிடந்தன. யாருடைய கைகளோ மாதிரி.

குளத்தைத் தாண்டி துணி துவைக்கிற மிஷின் அறை. எந்த ஓட்டையில் காசு போடுவது, எதில் சோப்பு போடுவது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவள் லூசியா. பதினான்கு வயது. அவள் அம்மா ரோசா மெக்சிகோக்காரர். அதே அபார்ட்மென்டில், ஆட்கள் காலி பண்ணிப் போகும் வீடுகளைக் கழுவித் துடைக்கும் வேலை. லூசியா என் பெயரைக் கேட்டாள். மாரி என்றேன். "எங்க அத்தை பேரும் மாரிதான்!" என்று குதித்தாள். அது மரியாவாக இருக்கும். அவள் குதித்தது எனக்குப் பிடித்திருந்தது, நான் திருத்தவில்லை.

3

அந்தப் பையன் பெயர் ட்ராவிஸ். எங்களுக்குக் கீழ்வீடு. பதினைந்து வயது. பெரிய உடம்பு, சின்னக் குரல். வெயில் அடித்தாலும் ஒரு தடித்த ஜாக்கெட். சாயங்காலம் நாலு மணிக்கு மாடிப்படியில் மூன்றாவது படியில் உட்கார்ந்திருப்பான். நானும் கார்த்திக்கும் காற்று வாங்க இறங்கினால் நகர்ந்து வழி விடுவான். கொஞ்ச நாளில் நாங்களும் படியிலேயே உட்கார ஆரம்பித்தோம்.

அவன் அம்மாவுக்கு ஏர்போர்ட்டில் வேலை. விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டைத் தட்டில் அடுக்குகிற இடம். இரண்டு ஷிப்ட் பார்ப்பார். அவர் வரும்போது இவன் தூங்கியிருப்பான், இவன் எழுந்திருக்கும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அப்பா வேறு மாநிலத்தில். இரண்டு வருடத்தில் மூன்றாவது பள்ளிக்கூடம். இதெல்லாம் கார்த்திக் வழியாக எனக்குத் தெரிந்தது. என் இங்கிலீஷ் அப்போது கடைக்குப் போதும், கதைக்குப் போதாது.

பிறகு பேப்பரில் எழுதினார்கள், அவனை எல்லாரும் கேலி செய்தார்கள், அடித்தார்கள் என்று. நான் அதைப் பார்க்கவில்லை. அவனை யாரும் அடித்துப் பார்த்ததில்லை. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்ததில்லை, லூசியாவைத் தவிர. அவள் எல்லாரையும் கூப்பிடுவாள். நாயைக்கூட.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் போட்ட புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். எல்லாப் பிள்ளைகளுடைய படமும் வரிசையாக இருந்தது. அவன் பெயருக்கு மேலே சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம்.

"அன்னைக்கு நீ லீவா?" என்று கேட்கச் சொன்னேன்.

கார்த்திக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "ஹி வாஸ் தேர், சித்தி. தே ஃபர்காட்."

ட்ராவிஸ் கோபப்படவில்லை. கட்டத்தின் ஓரத்தை நகத்தால் மெதுவாகச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கார்த்திக்கின் சைக்கிளை எடுத்து எங்கேயாவது ஒளித்து வைப்பான். பிள்ளை அழுதுகொண்டே அரை மணி நேரம் தேடும். இவன் படியில் உட்கார்ந்து பார்ப்பான். சிரிக்க மாட்டான். கடைசியில் போய் எடுத்து வந்து தருவான். கார்த்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு "தேங்க் யூ" சொல்வான். அதைக் கேட்கும்போது ட்ராவிஸ் முகத்தில் ஒன்று வரும். சோறு தின்ற முகம் மாதிரி. மூன்று தடவை இது நடந்தது. மூன்று தடவையும் நான் பேசாமல் இருந்தேன். விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்தேன்.

4

அந்தக் கதையை அவனிடம் நான்தான் சொன்னேன்.

ஊரிலிருந்து வரும்போது விளக்கேற்ற ஒரு கட்டு தீப்பெட்டி கொண்டுவந்திருந்தேன். எங்கள் ஆபீஸ் தீப்பெட்டி, கிளிப்படம் போட்டது. கார்த்திக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து பெருமையாக "மை சித்தி மேட் திஸ்" என்று காட்டினான். ட்ராவிஸ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு மனுஷி கையால் தீப்பெட்டி செய்ய முடியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. எத்தனை வயதில், எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இந்த நாட்டுக்கு வந்து நாலு மாதத்தில் என்னை யாரும் இப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை. எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

"எந் தங்கச்சி சுந்தரியும் எங்கூடத்தான் வேல பாத்தான்னு சொல்லு."

கார்த்திக் சொன்னான்.

"ஒரு நாள் மத்தியானம் தீப்பிடிச்சிருச்சுன்னு சொல்லு. நான் தண்ணி குடிக்க வெளிய வந்திருந்தேன். அவ உள்ள இருந்தா. மொத்தம் ஆறு பிள்ளைக."

கார்த்திக் என்னைப் பார்த்தான். அவனுக்கே இது தெரியாது. அக்கா சொல்லியிருக்கவில்லை. மெல்லிய குரலில் சொன்னான்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனசில் எப்போதும் கனவு மாதிரி நிற்பது, அதைச் சொன்னேன். மறுநாள் விடிந்து பார்த்தால் எங்கள் தெரு கூட்டியிருந்தது. இரண்டு பக்கமும் ப்ளீச்சிங் பவுடர் கோடு. தெரு முழுக்க வெள்ளையாக, யாரோ கல்யாணம் வைத்திருப்பதுபோல் இருந்தது. கார் காராக வந்தது. மந்திரி வந்தார். கட்சிக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலிருந்து எங்கள் பெயரை அடித்த டீச்சர் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். எங்கள் தெருவில் கால் வைக்காதவர்கள் எல்லாரும் கால் வைத்தார்கள். கலெக்டர் எங்கள் பாயில் உட்கார்ந்தார்.

கார்த்திக் இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் ட்ராவிஸ் கேட்டான்: "எல்லாருமா?"

"எல்லாரும்."

"அவ பேரு அவங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"பேப்பர்லயே போட்டாங்க. படத்தோட." சுந்தரிக்கு அதுவரை தனியாக ஒரு படம் கிடையாது. ஒரு கல்யாண வீட்டுப் படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டார்கள். அதையும் சொன்னேன்.

"வித் போட்டோ" என்றான் கார்த்திக்.

ட்ராவிஸ் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தான். அன்றைக்கு அவ்வளவுதான்.

நான் அதை எப்படிச் சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும். அழுதுகொண்டு சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னேன். எங்கள் தெருவுக்கும் ஒரு நாள் எல்லாரும் வந்தார்கள் என்கிற பெருமை.

5

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி. அபார்ட்மென்ட் முழுக்கத் தீ மணி அலறியது. அக்காவை நானும் அத்தானும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினோம். புல்தரையில் நூறு பேர் நின்றார்கள். நைட்டியோடு, துண்டோடு, பாதி சவரத்தோடு. ஒருத்தரை ஒருத்தர் முதல் தடவையாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மூன்று தீயணைப்பு வண்டி வந்தது. பெரிய தொப்பிக்காரர் ஒருவர் அக்காவிடம் வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். தீ எங்கேயும் இல்லை.

ட்ராவிஸ் ஒரு மரத்தடியில் நின்றான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான், திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு நிற்கிறவன் மாதிரி. லூசியா பக்கத்தில் நின்று அவனிடம் ஏதோ பேசினாள். அவன் கண் என்மேல் வந்து நின்றது. மெல்லச் சிரித்தான்.

எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். அந்தப் புல்தரையில், வெயிலில், அத்தனை பேர் ஒன்றாக நின்றது எனக்கும் பிடித்திருந்தது. அதுதான்.

மத்தியானம் அத்தானிடம் சொன்னேன். "கீழ்வீட்டுப் பையன்தான் செவத்துல இருக்கற தீ மணிய இழுத்து விட்டிருக்கான், அத்தான்."

"நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா தெரியும்."

"பாக்கலன்னா விட்டுரு. அபார்ட்மென்ட் ஆபீஸ்ல கம்ப்ளைன்ட் பண்ணா பேரக் கேப்பான், ஸ்டேட்டஸ் கேப்பான். உன் விசா எக்ஸ்டென்ஷன் பெண்டிங்ல இருக்கு. என் கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு. நாம இந்த நாட்டுல பெண்டிங்ல இருக்கற ஆளுக, மாரி. சத்தம் காட்டாம இருக்கணும்."

அக்கா கட்டிலிலிருந்து சொன்னாள், "ஆமாட்டி. நமக்கு எதுக்கு ஊரு வம்பு?"

சத்தம் காட்டாமல் இருந்தேன்.

6

அக்காவுக்குப் பெண் பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. காலை பத்தரை மணி. காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஹெலிகாப்டர் ஒன்று வந்து ஒரே இடத்தில் சுற்றியது. போகவே இல்லை. பிள்ளை அதன் சத்தத்துக்குக் கண்ணை மூடித் தூங்கிவிட்டது. எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். டிவியில் அக்கா பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டது எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

பள்ளிக்கூடத்தில் ட்ராவிஸ் சுட்டதில் இரண்டு பிள்ளைகளுக்குக் காயம். லூசியா போய்விட்டாள். அவன் அதற்குப் பிறகு கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டானாம். ஓடி வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு.

சாயங்காலத்துக்குள் எங்கள் வாசலில் டிவி வண்டிகள் வரிசையாக நின்றன. பூ, மெழுகுவத்தி, பொம்மைக் கரடி. பேப்பர் முழுக்க அவன் படம். பெரிய படம்.

7

நாலாம் நாள் போலீஸ் டிடெக்டிவ் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வயதானவர், நல்ல மாதிரி. ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்தப் பையனோடு யார் யார் பேசுவார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் தமிழில் சொல்ல, அத்தான் இங்கிலீஷில் சொல்வதாக ஏற்பாடு.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தீப்பெட்டி, சுந்தரி, ப்ளீச்சிங் பவுடர், கலெக்டர், தீ மணி, அவன் சிரித்தது, நான் சிரித்தது. மூச்சு விடாமல் சொன்னேன். அத்தான் கேட்டு முடித்துவிட்டு டிடெக்டிவிடம் ஒரு வரி சொன்னார். டிடெக்டிவ் ஒரு வரி எழுதினார்.

ஃபயர் என்கிற வார்த்தை எனக்குத் தெரியும். சிஸ்டர் என்கிற வார்த்தை தெரியும். இரண்டும் வரவில்லை.

அவர் போன பிறகு அத்தானைக் கேட்டேன். "நான் சொன்னத நீங்க சொல்லவே இல்லையே?"

"சொன்னேன். அமைதியான பையன், படியில உக்காந்திருப்பான்னு சொன்னேன்."

"நான் அதுவா சொன்னேன்?"

அத்தான் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசா என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

"அந்தக் கதைய அவங்கிட்ட இங்கிலீஷ்ல சொன்னது யாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எட்டு வயசு அவனுக்கு," என்றார். "ரூம்ல உக்கார வச்சுக் கேப்பாங்க. பேப்பர்ல வரும். நாளைக்குப் பெரியவனாகி அதப் படிப்பான். அந்தப் பிள்ளை உசுரு எம் பிள்ளை வாயாலதான் போச்சுன்னு எழுதி வைக்கணுமா மாரி? நீயே சொல்லு."

உள்ளே கார்த்திக் கார்ட்டூன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து போய் உலை வைத்தேன்.

கார்த்திக்குக்குத் தமிழ் வாசிக்க வராது. அக்காவுக்கு அது பெரிய குறை. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அனுப்பிப் பார்த்தாள், அவன் "போரிங்" என்று வந்துவிட்டான். இதை எழுதுகிற எனக்கு அவனுடைய அந்த ஒரு குறை நிம்மதியாக இருக்கிறது.

8

பாப்பாவுக்குப் பெயர் வைத்த அன்று நம் ஆட்கள் வந்திருந்தார்கள். சாம்பார் சாதத் தட்டோடு எல்லாரும் அதையே பேசினார்கள்.

"வீடியோ கேம்தான் காரணம். இருபத்திநாலு மணி நேரமும் சுடறது."

"இல்ல அங்கிள், டிவோர்ஸ். அப்பன் எங்கயோ, ஆத்தா எங்கயோ."

"துப்பாக்கியக் கடையில கத்திரிக்கா மாதிரி விக்கறான். வேற என்ன காரணம் வேணும்?"

"நம்ம பசங்க அப்படிக் கிடையாதுப்பா. நாம டிசிப்ளின்ல வளக்கறோம்." இதைச் சொன்ன ஆன்ட்டியின் மகன் மூலையில் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வந்ததிலிருந்து அவனிடம் யாரும் பேசவில்லை. நான் ஒரு தட்டில் கேசரி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வைக்கு எனக்குக் கால் தானாக ஓர் அடி பின்னால் போனது. ஒன்றும் இல்லை, நல்ல பையன். எனக்குத்தான்.

எல்லாரும் சொன்னதில் ஒவ்வொன்றும் கொஞ்சம் உண்மையாக இருக்கலாம். நான் சொன்ன கதையும் அதில் கொஞ்சமாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அவன் இன்றுவரை யாரிடமும் ஏன் என்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம் இருப்பதை நான் வைத்துக்கொண்டு, லூசியாவின் அம்மா வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு திரிவது எப்படிச் சரியாகும்?

ரோசா அப்படித்தான் திரிந்தார். சாவு வீட்டுக்கு இந்த ஊர் ஆட்கள் கண்ணாடிப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து வைப்பார்கள். அவர் வீட்டில் இருபது பாத்திரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. யாருடையது என்று தெரியாது. வேலை முடிந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு கதவு கதவாகத் தட்டி, "இது உங்களுதா?" என்று கேட்பார். கையோடு அந்தக் கேள்வியையும் கேட்பார். ஜூன் மாதம் ஒரு மத்தியானம் என்னிடம் வந்தார். நான் மிஷின் அறையில் பாப்பா துணி மடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேரிடமும் இருந்தது அரைகுறை இங்கிலீஷ். தமிழிலேயே எழுதுகிறேன்.

"இது உன்னுதா?"

"இல்லைங்க."

பாத்திரத்தை மிஷின் மேல் வைத்தார். "அவன் உன்கூடப் பேசுவானாமே. ஏன் செஞ்சான்?"

அத்தனை பேரிடம் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி தேய்ந்திருந்தது. பதில் வரும் என்று அவர் நினைக்கவே இல்லை. மணி என்ன என்று கேட்பதுபோல் கேட்டார். மிஷினுக்குள் துணி சுற்றிக்கொண்டிருந்தது, வெள்ளையும் மஞ்சளுமாக. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். தெரிந்த வார்த்தையெல்லாம் போட்டு, தெரியாததற்குக் கையைக் காட்டி, சொல்லிவிட்டேன். தீ மணி அன்று நான் சிரித்ததையும் சொன்னேன்.

அவர் அழவில்லை. "போலீசுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்லை."

"கார்ல ஏறு."

"ஒரு பிள்ளை இருக்கு," என்றேன். "எங்க அக்கா பையன். அவன்தான் இங்கிலீஷ்ல சொன்னது. அவன் பேரு வரக்கூடாது."

ரோசா சாவியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை?" என்றார். "நான் எந்தப் பிள்ளையையும் பாக்கலை."

9

ஸ்டேஷனில் அதே டிடெக்டிவ். ரோசாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்னைப் பார்த்து, "உன் அத்தான் வரலையா, யார் மொழிபெயர்ப்பாங்க?" என்றார்.

"நானே பேசுறேன்."

அந்தப் பையனிடம் ஒரு கதை சொன்னேன், அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பழைய காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "அன்னைக்கு உனக்கு இங்கிலீஷ் வரலைன்னு சொன்னாங்க. அவன்கிட்ட எப்படிச் சொன்ன?"

"இங்கிலீஷ்ல."

"வேற யாரும் கூட இருந்தாங்களா?"

"இல்லை."

ரோசா என் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிடெக்டிவ் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப சரி. அவன்கிட்ட எப்படிச் சொன்னியோ அப்படியே எங்கிட்ட சொல்லு."

சுந்தரி செத்ததை என் வாயால் நான் இங்கிலீஷில் சொன்னதில்லை. மிஷின் அறையில் பாதி கையால் சொன்னேன். இங்கே மேஜைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். தடுமாறினால் கார்த்திக் வந்துவிடுவான். ஒவ்வொரு வார்த்தையாக வைத்தேன், சட்டத்தில் குச்சி அடுக்குகிற மாதிரி, ஒன்று சாய்ந்தாலும் எல்லாம் சாயும். மை சிஸ்டர். நைன் இயர்ஸ். ஃபயர். ஐ வாஸ் அவுட்சைட். ப்ளீச்சிங் பவுடருக்கு வார்த்தை ஊரிலேயே இங்கிலீஷ்தான், அது தானாக வந்தது. மந்திரி, டீச்சர், கலெக்டர். பாயில் உட்கார்ந்தார். பேப்பரில் படம். எவ்ரிபடி கேம், எல்லாரும் வந்தார்கள்.

அவர் வேகமாக எழுதினார். தீ மணியையும் எழுதினார். முதல் தடவை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். அதுவும் உண்மைதான். வாசித்துக் காட்டினார், சரி என்றேன். பேனாவை மூடிவிட்டு, வந்ததற்கு நன்றி, இது உபயோகமாக இருக்கும், வேறு ஏதாவது ஞாபகம் வந்தால் கூப்பிடு என்றார். எழுந்து கை கொடுத்தார்.

ரோசா எழுந்திருக்கவில்லை.

"அப்புறம்?" என்றார் என்னிடம்.

"என்ன அப்புறம்?"

"எல்லாரும் வந்தாங்க. அப்புறம்?"

மூன்று வருடமாக அந்தக் கதையை நான் அந்த இடத்தோடுதான் முடித்து வைத்திருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போதும் அந்த இடத்தோடுதான் முடியும்.

"அப்புறம் யாரும் வரலை," என்றேன்.

டிடெக்டிவ் நின்றுகொண்டிருந்தார். நான் ரோசாவைப் பார்த்துச் சொன்னேன். பதினாறாம் நாளுக்கு மேல் ஒரு காரும் வரவில்லை. அடுத்த மழையில் வெள்ளைக் கோடு கரைந்துபோனது. எங்கள் தெருவுக்குக் குழாய் போடுவதாகத் தோண்டிய குழி அப்படியே கிடந்தது, ஒரு ஆடு விழுந்து செத்தது. அம்மா சுந்தரி படத்தை எடுத்துக்கொண்டு கலெக்டரைப் பார்க்கப் போனார். வாசலில் நின்ற பியூன், மனு நாள் திங்கட்கிழமை, அன்றைக்கு வா என்றார். அம்மா நிறைய திங்கட்கிழமை போனார். பாயில் உட்கார்ந்த கலெக்டருக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. ஆறே மாதத்தில் ஆபீஸைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். நான் அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன். சுந்தரி இடத்தில் வேறு ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. சாயங்காலத்துக்குள் அதன் பெயரைத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையோடு பேசிச் சிரித்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன்.

சொல்லி முடித்தேன். டிடெக்டிவ் மெதுவாக உட்கார்ந்தார்.

"இத அவன்கிட்ட சொன்னியா?"

"இல்லை சார்."

அவர் பேனாவைத் திறந்தார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை, வாசித்துக் காட்டவில்லை.

வெளியே கார் வெயிலில் நின்று கொதித்துப்போயிருந்தது. ரோசா நான்கு கதவையும் திறந்துவிட்டு, சூடு இறங்கட்டும் என்று நின்றார். நானும் இந்தப் பக்கம் நின்றேன். ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

"அதத்தான் நீ அவன்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும்," என்றார்.

"ஆமா," என்றேன்.

அவர் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.